அண்ணாச்சியின் மாட்டு நிதியும் என் கீழவயலும்

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணாச்சி எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவள் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டும் என்று எங்கள் சித்தப்பா மகன் ஒரு மாதமாக என்னை நச்சரித்துவிட்டான். அச்சுச் செலவு அவனுடையது என்பதால் எப்படி எழுத வேண்டும் என்றும் அவனே சொன்னான்.

"பொறுமையின் உறைவிடம்னு போடுங்கக்கா. தியாகச் செம்மல்னும் போடுங்க. நல்லா இருக்கும்."

அண்ணாச்சியிடம் பொறுமை இருந்தது. நான் மறுக்கவில்லை. அந்தப் பொறுமையைக் கூட இருந்தவர்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று மட்டும் எந்த நினைவு மலரிலும் யாரும் எழுதுவதில்லை. நான் எழுதப் போகிறேன். தம்பிக்குப் பிடிக்காவிட்டால் அச்சிடாமல் விட்டுவிடட்டும்.

அண்ணாச்சி பிறந்தது சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில்தான். எங்கள் தகப்பனாருக்கு மேலவயல், கீழவயல் என்று இரண்டு துண்டு நஞ்சை. ஓர் ஏர் மாடு. அவ்வளவுதான் சொத்து. அண்ணாச்சிக்கு மீசை அரும்பும் வயதில், கார் சாகுபடிக்கு உழவு தொடங்கும் நேரம் பார்த்து எங்கள் வலத்து மாடு அடைப்பான் நோய் கண்டு செத்தது. காலையில் தவிடு தின்ற மாடு, உச்சிவேளைக்கு இல்லை. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு உழ முடியுமா? தகப்பனார் தென்காசிக்குப் போய் ஒரு வட்டிக்காரரிடம் மேலவயலை எழுதிக் கொடுத்து வேறு மாடு பிடித்து வந்தார்கள். வட்டி ஏறியது. மாடு கிழடாயிற்று. வயல் திரும்பி வரவே இல்லை. எங்கள் ஊரில் அப்போது வயலை இழந்த குடும்பங்களையெல்லாம் உட்கார வைத்துக் கேட்டிருந்தால், பாதிப் பேர் இதே கதையைத்தான் சொல்லியிருப்பார்கள். மாடு மட்டும் வேறாக இருக்கும்.

எனக்குக் கல்யாணமாகிச் சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தேன். அப்போது தகப்பனாரும் இல்லை. அண்ணாச்சி யாரிடமும் யோசனை கேட்காமல் கீழவயலை என் பேரில் எழுதி வைத்தார்கள். "நாளைக்கு ஒருத்தன் வாசல்ல போயி நீ நிக்கக் கூடாது, ஏட்டி" என்றார்கள். அந்த மனசை நான் மறக்கவில்லை. ஆனால் கொடுத்த கையாலேயே அதைத் திருப்பிக் கேட்டார்கள் பாருங்கள், அதையும் நான் மறக்கவில்லை.

மதினி குழந்தை இல்லாமலே காலமான பிறகு அண்ணாச்சிக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. ஊர் ஊராகப் போய் உழவர்களைக் கூட்டி வைத்துப் பேசத் தொடங்கினார்கள். பேச்சு ஒன்றுதான். ஒவ்வொரு வீடும் தன் உழவு மாட்டுக்காக மாதாமாதம் கொஞ்சம் காசு போட வேண்டும். யார் வீட்டு மாடு நோயில் செத்தாலும், அந்தப் பொதுப்பணத்திலிருந்து அவர்களுக்கு வேறு மாடு. வட்டிக்காரர் வாசலுக்குப் போகவே வேண்டாம். வெள்ளைக்காரன் தேசத்தில் இதற்கு இன்ஷூரன்ஸ் என்று பேராம். எங்கள் ஊரில் அதற்கு மாட்டு நிதி என்று பேர் வந்தது.

சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! சேர்வதற்கு ஒருவரும் வரவில்லை. மாடு நன்றாக நிற்கும்போது அது சாவதைப் பற்றிப் பேசுகிற மனுசன் உருப்படுவானா என்று பெண்கள் என் காதுபடவே சொன்னார்கள். முதலில் சேர்ந்தவர் தறியும் சிறு வயலும் வைத்திருந்த மீரான் ராவுத்தர். அண்ணாச்சிக்குச் சிறு வயதுச் சிநேகிதர், எனக்கும் அண்ணன் முறை. அவரைப் பார்த்து நாலு பேர், அந்த நாலு பேரைப் பார்த்து இன்னும் சிலர். சேர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் காப்பித்தண்ணி போட்டுக் கொடுத்தவள் நான். இதை எந்தத் தியாகச் செம்மல் கணக்கில் சேர்ப்பது என்று தம்பிதான் சொல்ல வேண்டும்.

சேர்ந்த காசு போதவில்லை. ஒரே மாதத்தில் நாலைந்து மாடு செத்தால் நிதி காலி. அதனால் கஷ்டகாலத்தில் கடன் கொடுக்க ஒரு பாங்கு பின்னால் நிற்க வேண்டும் என்று அண்ணாச்சி புறப்பட்டார்கள். பாங்கு அதிகாரி சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து தங்கியிருந்தார். அண்ணாச்சியும் ராவுத்தரும் நனைந்துகொண்டே போய் அவர் பங்களா வாசலில் நின்றார்கள். போன நேரமெல்லாம், ஒன்று ஐயா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அல்லது அருவிக்குப் போயிருக்கிறார், அல்லது குளித்த அசதியில் தூங்குகிறார். கடைசியில் அண்ணாச்சி பொறுக்க மாட்டாமல் பெரிய அருவிக்கே போய், அதிகாரிக்குப் பக்கத்தில் தாமும் தலையைக் கொடுத்து நின்றுகொண்டு மாட்டு நிதியைப் பற்றிக் கத்தினார்களாம். அருவிக்குள் நின்று என்ன கேட்கும்? ராவுத்தர் இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

வெளியே வந்து துவட்டிக்கொண்டே அதிகாரி முழுக் கதையையும் கேட்டாராம். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் சொன்னது இது: "எல்லாம் சரி. மாடு சாகலாம், பாங்கு சாகக் கூடாது. நிலம் ஏதாவது ஈடு காட்டுங்கள்."

அண்ணாச்சி பேரில்தான் நிலமே இல்லையே. ஈரத் துண்டோடு வந்து இலைமுன் உட்கார்ந்தார்கள். நான் சோறு வைத்தேன்.

"ஏட்டி, கீழவயலு இப்ப சும்மாதான கெடக்கு?"

"சும்மாவா கெடக்கு? நாத்து நட்டிருக்கு, அண்ணாச்சி."

"நாத்து நிக்கட்டும், அதுக்கு என்ன? பத்திரம் சும்மாதான கெடக்கு?"

என்ன சாமர்த்தியம் பாருங்கள். கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. அண்ணாச்சி எதிரே வந்து வந்து நின்றார்கள், அவ்வளவுதான். மேலவயல் போனதுபோல் கீழவயலும் போனால் நான் எங்கே போவேன்? அந்த ஒரு கேள்விதான் எனக்கு. அதைக் கேட்டே விட்டேன். "போகாது. நான் இருக்கேம்லா" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாகப் போட்டாள் என்று எவராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆக, நிதி கெட்டால் என் வயல் போகும். அன்றிலிருந்து ஊரில் எந்த மாடு இருமினாலும் நான் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

நிதிக்கு ஒரு முக்கியமான சட்டம் உண்டு. மாடு செத்தால், நிதியைச் சேர்ந்த இரண்டு பேர் வந்து பார்த்த பிறகுதான் புதைக்க வேண்டும். பார்க்காமல் புதைத்தால் பணம் கிடையாது. விற்றுவிட்டுச் செத்ததாகச் சொல்லிவிடக் கூடாது அல்லவா? நியாயமான சட்டம். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர் போட்ட சட்டம் போல இருந்தது அது. போட்டவரோ எங்கள் அண்ணாச்சி! இங்கே உழவு மாடு செத்தால் வீட்டில் ஓர் ஆள் போனதுபோல. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கோடித் துணி போர்த்தி, அது உழுத வயலின் மூலையிலேயே குழி வெட்டி, விளக்கேற்றும் முன் அடக்கிவிட வேண்டும். தொழுவில் மாடு செத்துக் கிடக்க வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள். பக்கத்து மாடு தீனி எடுக்காது என்பார்கள்.

ஆகவே எல்லோரும் முதலில் புதைத்தார்கள். பிறகு வந்து சொன்னார்கள். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"பார்க்காம பொதைச்சா பணம் எப்படிலே குடுக்க? ஒரு பொழுது பொறுக்க மாட்டியளா?"

"அது மாடா, அண்ணாச்சி? எங்க வீட்டுப் பிள்ளைல்லா. பிள்ளைய அப்படிப் போட்டு வைக்க மனசு வருமா? நீங்களே சொல்லுங்க."

நீங்களே சொல்லுங்க என்றால் போதும், அண்ணாச்சி மடியை அவிழ்த்துவிடுவார்கள். நிதியிலிருந்து கொடுக்க வழியில்லை என்று தம் கைக்காசைக் கொடுப்பார்கள். கைக்காசு தீர்ந்ததும் வண்டியை விற்றார்கள். பிறகு தென்காசிக்கு நடந்தே போய் வந்தார்கள். "சட்டத்த மாத்தணும், இல்லைன்னா சட்டப்படி நடக்கணும். ரெண்டும் இல்லாம இது என்ன நிதி?" என்று நான் கத்தினால், "கத்தாத, பக்கத்து வீட்ல கேட்கும்" என்பார்கள். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

இப்போது மாடசாமி கதைக்கு வருகிறேன். இதை மலரில் போடலாமா என்று அவனிடமே கேட்டேன். "ஊருக்கே தெரிஞ்சதுதான, போடுங்கக்கா. ஆனா எம்பேர சரியாப் போடுங்க" என்றான். போட்டுவிட்டேன்.

மாடசாமி மேலத்தெருவில் சிறு குடியானவன். ஒருநாள் மாடு செத்துப்போயிற்று என்று ஓடி வந்தான். வழக்கம்போலப் புதைத்தாகிவிட்டது. வயல் மூலையில் மண் மேடு, மேலே மஞ்சள் தண்ணீர், பூ. அவன் பெண்சாதி அதன்மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அண்ணாச்சிக்கும் கண் கலங்கிவிட்டது. மடியை அவிழ்க்கப் போனார்கள். அந்நேரம் பார்த்துச் செங்கோட்டைக்கு நூல் வாங்கப் போயிருந்த ராவுத்தர் குடையோடு வந்து சேர்ந்தார்.

"என்ன, யாரு மாடு? மாடசாமி மாடா? அத நேத்து செங்கோட்டைல மொளகு வண்டில பூட்டி நின்னத பார்த்தேனே!"

கூட்டத்தில் ஒருவர் மண்வெட்டியை எடுத்தார். தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அண்ணாச்சி கையை விரித்துத் தடுத்தார்கள். "வேண்டாம்ப்பா. ஒரு பொம்பளை அழுத குழி. உள்ள நெசமாவே மாடு கெடந்துட்டா, நாம மனுசனா?"

உள்ளே மாடு இல்லாவிட்டால் என் வயல் என்னாவது? அதை யார் நினைத்தார்கள்? பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி நானே வெட்டினேன். நடுத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்காத விதவை, ஊர் பார்க்கச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழி வெட்டினேன் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இடுப்பளவுகூடப் போகவில்லை. கோடித் துணி வந்தது. துணிக்குள் வைக்கோல் பிரியும், உடைந்த உரல் ஒன்றும், நடுவில் ஒரு பனந்தடியும். உரலுக்கும் மஞ்சள் பூசியிருந்தான் படுபாவி.

ஊரே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. "ஏம்லே இப்படிப் பண்ணுன?" என்று மட்டும் கேட்டார்கள்.

"வட்டிக்காரன் மாட்ட அவுத்துட்டுப் போயிருவான்னு பயந்து வித்துக் கடனக் கட்டிட்டேன், அண்ணாச்சி. நிதிப் பணம் வந்தா வேற மாடு பிடிச்சு உழுதுரலாம்னு பார்த்தேன். பூமி காஞ்சு கெடக்கு, புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதான்.

அடித்து விரட்டுவார்கள், இல்லை நிதியை விட்டாவது நீக்குவார்கள் என்று நான் நின்றேன். அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்கள். மாடசாமிக்குப் பணம் கிடையாது. உழவுக்கு ராவுத்தர் மாட்டை இரவல் வாங்கிக்கொள்ள வேண்டும். நாளையிலிருந்து யார் வீட்டில் மாடு செத்தாலும், பார்க்கப் போகிற இரண்டு பேரில் ஒருவன் மாடசாமி.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. உரலைப் புதைத்தவனிடம் என் வயலுக்குக் காவலா! அன்று சோறு வடிக்கவில்லை. அண்ணாச்சி பழைய சோற்றைப் பிழிந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. மாடசாமி வந்த பிறகு பார்க்காமல் புதைப்பது நின்றது. மாடு படுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டாலே ஓடிப் போய்த் தொழுவில் நிற்பான். "ஏலே மாடசாமி, எங்க மாடு இன்னும் சாகலைலே. அந்தப் பக்கம் போ!" என்று பெண்கள் விளக்குமாற்றை எடுப்பார்கள். அசைய மாட்டான். அவனை ஏமாற்ற எவராலும் முடியவில்லை. சுந்தரபாண்டியபுரத்திலும் கடையத்துப் பக்கத்திலும் வீரகேரளம்புதூரிலுமிருந்து ஆட்கள் வந்து நிதியில் சேர்ந்தார்கள். காப்பித்தண்ணிப் பாத்திரத்தைப் பெரிதாக வாங்கினேன்.

பிறகு அந்த வெக்கை வந்தது. மாடுகளுக்கு வருகிற நோய்களிலேயே கொடியது. வாயில் நீர் ஒழுகும், கழியும், கண் முன்னாலேயே கரைந்து போகும். கார் உழவு நேரம், ஆனிச் சாரல் விடாமல் அடிக்கிறது. நோய் பரவாமல் உடனே ஆழமாகப் புதைக்க வேண்டும் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். பார்த்துவிட்டுத்தான் புதைக்க வேண்டும் என்பது நிதிச் சட்டம். என்ன செய்வது? அண்ணாச்சியும் மாடசாமியும் ஓடினார்கள். இந்த ஊர், அந்த ஊர், இந்தத் தொழு, அந்த வயல். நனைந்த வேட்டி காய்வதற்குள் அடுத்த ஆள் வந்து வாசலில் நிற்பான். "குடையாவது பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்றால், "ஒரு கையில குடை, ஒரு கையில வேட்டி, மாட்ட எந்தக் கையால தொட்டுப் பார்க்க?" என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பதில்.

ஒரு மாட்டுக்குக்கூடப் பணம் கொடுக்காமல் விடவில்லை. நிதி தீர்ந்தது. பாங்குக் கடன் வாங்கினார்கள், அதையும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் உழாமல் கிடந்த நிதிக்காரர் வயல் ஒன்றுமில்லை. வட்டிக்காரருக்கு எந்தக் குடும்பமும் நிலத்தை எழுதிக் கொடுக்கவில்லை. மாட்டுக்காக மாட்டிக்கொண்ட நிலம் என் கீழவயல் ஒன்றுதான்.

பாங்கிலிருந்து தவணை கேட்டு நோட்டீசு வரத் தொடங்கியது. யுத்தகாலம். எல்லா விலையும் ஏறிக் கிடக்க, நிதிக்காரர்கள் இன்றைக்கு, நாளைக்கு என்றார்கள். அண்ணாச்சி எவரையும் நெருக்கவில்லை. அந்தச் சாரலில் பிடித்த இருமலும் விடவில்லை. தென்காசி வைத்தியர் கொடுத்த லேகியத்தை நான் பார்க்கும்போது மட்டும் சாப்பிடுவார்கள். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, கீழவயல மீட்டுருவாங்க. பயப்படாத."

"யாரு மீட்பா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா ஒருத்தரும் இல்லைன்னு அர்த்தம், அண்ணாச்சி."

சிரித்தார்கள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைத் தடவிக் கொடுத்தேன். எங்களுக்குள் நடந்த கடைசிச் சண்டை அதுதான். இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

பங்குனியில், விடிந்தும் விடியாத நேரம், அண்ணாச்சி போய்விட்டார்கள். உச்சிக்குள் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பாடை கட்டியாயிற்று. குளிப்பாட்டியாயிற்று. தூக்கப் போகும்போது மாடசாமி வாசல்நிலையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறான்.

"இப்ப எடுக்கக் கூடாது. கடையத்து ஆளுக இன்னும் வரலை."

தம்பி அதட்டினான். "அவங்க எப்ப வந்து சேர? நேரமாகுதுலே, வழிய விடு."

"பார்க்காம எப்படி எடுக்க? அண்ணாச்சி போட்ட சட்டம்லா."

"ஏலே, அது ரெண்டு பேரு பார்த்தா போதும்னுதானலே சட்டம்!"

"அது மாட்டுக்கு" என்றான் மாடசாமி. "அண்ணாச்சிய எல்லாரும் பார்க்கணும்."

அவனுக்குப் பின்னால் தெரு நிறைய ஆட்கள். மாட்டுக்காக ஒரு பொழுது பொறுக்க மாட்டோம் என்று அண்ணாச்சியின் உயிரை எடுத்தவர்கள் அத்தனை பேரும், அன்று பங்குனி வெயிலில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பொறுத்து நின்றார்கள். வீரகேரளம்புதூர்க்காரர்கள் வந்தார்கள். வெயில் சாய்ந்த பிறகு கடையத்து வண்டிகள் வந்தன. ஒவ்வொருவராக உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் பார்த்த பிறகுதான் மாடசாமி வாசலை விட்டு விலகினான். அன்றைக்கு எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவன் தோளிலேயே சாய்ந்து அழுதேன்.

பதினாறாம் நாள் நிதிக்காரர்கள் முற்றத்தில் கூடிப் பாங்குக் கடனைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். வசூல் பொறுப்பு மாடசாமிக்கு. இந்த ஓராண்டில் பெரும்பகுதி கட்டியாயிற்று. சில வீடுகள் மட்டும் பாக்கி. நினைவு மலர் என்பதால் பேரைப் போடவில்லை. உங்களுக்கே தெரியும். பிசானம் அறுத்து நெல் வீடு வந்துவிட்டது, சாக்குச் சொல்லாதீர்கள். திவசத்துக்கு வாருங்கள், பாயசம் சாப்பிடுங்கள். வாசலில் மாடசாமி நிற்பான்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. கடைசிவரை பணம் வாங்காமல் வந்து பார்த்த தென்காசி வைத்தியருக்கும், பதினாறாம் நாள் கூட்டத்துக்குப் பந்தலும் பாயும் கொண்டுவந்து போட்ட மீரான் அண்ணனுக்கும், கொள்ளி வைத்த தம்பிக்கும், இத்தனை திட்டையும் அச்சிட ஒப்புக்கொண்ட அவன் பெருந்தன்மைக்கும் என் நன்றி. எல்லோருக்கும் மேலாக, அன்று நேரம் கழித்து வந்து அண்ணாச்சியைக் காக்க வைத்த கடையத்துக்காரர்களுக்கு நன்றி. உங்களால்தான் அண்ணாச்சி இன்னும் அரைநாள் எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

கீழவயல் பத்திரம் என் கைக்கு வரப்போகிறது என்று உறவினர்கள் சந்தோஷப்படுகிறீர்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். வெக்கை மறுபடியும் வரும். அன்றைக்கும் பாங்கில் ஈடு கேட்பார்கள். ஆகவே பத்திரம் வந்ததும் அதே நிதிக்காக அதை மறுபடி எழுதிக் கொடுக்கப் போகிறேன். பைத்தியமா என்று தம்பி கேட்டாயிற்று; நீங்கள் வேறு கேட்க வேண்டாம். இந்தத் தடவை சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள் என்று எவராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

பாக்கியை முதலில் கட்டுங்கள்.